அண்ணிக்கு முன்பக்க அறை

பெரம்பலூர் துறைமங்கலத்தில் சசிகலாவிடம் டூருக்குப் பெயர் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது சீட்டைத்தான். எந்தக் கோயில், எத்தனை நாள், என்ன சாப்பாடு எல்லாம் அப்புறம். "எனக்கு முன்னாடி போடும்மா" என்பார்கள். சசிகலாவுக்கு அதில் இரண்டே விதிதான். வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்டு. மரியாதை செய்ய வேண்டியவர்களுக்கும் முன் சீட்டு. இரண்டும் ஒரே ஆளாக அமைந்துவிட்டால் டிரைவருக்குப் பின்னால் சன்னலோரம். கடைசி வரிசை சமையல் சாமான்களுக்கும் தனக்கும்.

தா.பழூரில் பிறந்தவள். தமிழரசனைக் கட்டிக்கொண்டு பெரம்பலூர் வந்தபோது அவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தெருப் பெண்கள் சிவப்புப் புடவை கட்டி மேல்மருவத்தூர் போக வேன் கேட்டார்கள். துணைக்கு ஏறிக்கொண்ட சசிகலா, வழியில் எல்லோருக்கும் தக்காளிச் சாதம் கட்டிக் கொடுத்து, கூட்டத்தில் ஒருத்தியைக்கூடத் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாள். மறு வருஷம் அவர்கள் கேட்டது வேனை அல்ல, அவளை. பிறகு நவக்கிரகம், ராமேஸ்வரம், காசி என்று வேன் பஸ்ஸாக வளர்ந்தது. இப்போது நாற்பத்தாறு வயது. எந்த மலைப்பாதையிலும் தனக்கு ஒரு தடவைகூட வயிறு புரட்டியதில்லை என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஊர்ப்பட்ட பேரை இடம் பார்த்து உட்கார வைத்தவளால் ஒரே ஒருவரைத்தான் உட்கார வைக்க முடியவில்லை. தமிழரசனின் அக்கா கலியம்மாள்.

புதுவீடு குடிபுகுந்த அன்று முதல் பந்தி நிரம்பிவிட்டது. இலைக்கு முன் நின்றிருந்த கலியம்மாளிடம், "அண்ணி, கொஞ்சம் இருங்க, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு சசிகலா ரசத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கூடப்பிறந்தவளை நிறுத்திவிட்டுத் தெருக்காரர்களை உட்கார வைத்தாள் என்று ஆயிற்று. கலியம்மாள் சாப்பிடாமல் அரியலூர் பஸ் ஏறியவள்தான். அதன்பிறகு வாசல்படி மிதிக்கவில்லை. தம்பியைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்வாள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் தோட்டத்து முந்திரிப்பருப்பை அங்கேயே வைத்துக் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவாள்.

இப்போது தமிழரசனின் மகள் பிரவீணாவுக்கு ஆவணியில் கல்யாணம். ஒரே அத்தை வந்து பந்தக்காலுக்கு மஞ்சள் பூசாமல் எப்படி? "அக்கா வரலைன்னா நான் மாப்ள வூட்டுக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று தமிழரசன் புலம்பினான். சசிகலாவுக்கு அதைவிட, அத்தை வருவாளா என்று கேட்கும் தன் மகள் மூஞ்சியைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் செட்டிகுளத்துக்காரர்கள் கப்பல் டூர் கேட்டார்கள். சென்னையில் ஏறி, திருகோணமலையில் கோணேசர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கப்பல். சேதி எப்படியோ ஜெயங்கொண்டம் போய், கலியம்மாளிடமிருந்து தம்பிக்கு போன் வந்தது.

"நானும் வரேன்டா. கோணேசருக்காக வரேன். உன் பொண்டாட்டிக்காக இல்ல. அதையும் சொல்லிடு."

சசிகலா அன்றைக்கே திருச்சிக்குப் போய், டிக்கெட் போடும் ஆபீசில் உட்கார்ந்தாள். அண்ணிக்கு மேல் மாடியில், முன்பக்கம், பெரிய சன்னல் வைத்த அறை. யாரோடும் பங்கு போடாமல் தனியாக. அண்ணிக்கு பஸ்ஸிலேயே அரியலூர் தாண்டுவதற்குள் வாந்தி வரும், ஆகவே முன்பக்கம்தான் சரி. தனக்கு அடிமாடியில், கப்பலின் நடுவில், சன்னலே இல்லாத அறை. அதில் கூட வருவதாக இருந்த பெண்ணும் பின்வாங்கிவிட்டதால் ஒரு கட்டில் காலி.

ஆபீஸ் பெண் சொல்லிப் பார்த்தாள். "முன்பக்கம் கொஞ்சம் ஆடுங்க மேடம். நடுவுல போடட்டுமா?"

"நீ போடும்மா. நான் பார்க்காத ஆட்டமா?"

புறப்படுவதற்கு முந்தின வாரம் செட்டிகுளத்தில் அய்யாக்கண்ணு வீட்டுக் களத்தில், வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் எல்லோரையும் கூட்டினாள். அய்யாக்கண்ணுவுக்கு சின்ன வெங்காயத்தில் நல்ல விளைச்சல். பெண்டாட்டியோடு வருகிறார்.

"பாஸ்போர்ட்டு, மாத்திரை, ஒரு மாத்துத்துணி, மூணும் கைப்பையில இருக்கணும்" என்றாள் சசிகலா. "பெரிய பொட்டிய துறைமுகத்துலயே வாங்கிக்குவாங்க. அது ரூம் வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆயிடும். சுகர் மாத்திரை பொட்டியில இருக்குன்னு அப்புறம் என்னைப் புடிச்சு உலுக்கக்கூடாது."

"ஸ்டவ்வு யாரு பொட்டியில?" என்றார் அய்யாக்கண்ணு.

"ஸ்டவ்வே கிடையாதுண்ணே. கரண்டு அடுப்பு, தண்ணி காய வைக்கிற கெட்டிலு, இஸ்திரிப்பொட்டி எதுவும் கூடாது. நெருப்பு பயம். பார்த்தா எடுத்து வச்சுக்குவாங்க."

"அப்ப எறங்கிச் சமைக்கிறது எங்க?"

"நடுக்கடல்ல எங்கண்ணே எறங்குவீங்க?"

களமே சிரித்தது. அய்யாக்கண்ணு விடவில்லை. "அவன் போடுற சோறு நமக்குச் சேரணுமே."

"சேரலைன்னா இட்லிப்பொடி கொண்டாங்க, அதுக்குத் தடை இல்ல. முட்டிவலிக்காரங்களுக்கு லிஃப்டுக்குக் கிட்டத்துல ரூம் சொல்லியிருக்கேன். லிஃப்டுக்கு நேர் எதிர்ல வேணாம்னுட்டேன், ஆள் நடமாட்டம் தூங்க விடாது. சாவி ஏடிஎம் கார்டு மாதிரி இருக்கும். அதை உள்ள வச்சுட்டுக் கதவைச் சாத்துனீங்கன்னா நீங்க வெளியதான். கழுத்துல மாட்டிக்குங்க. முந்தின நாளே மெட்ராஸ் போய்த் தங்கிடுறோம். பஸ்ஸுன்னா நமக்காக நிக்கும். கப்பல் நிக்காது."

எல்லாம் சொன்னபடியே நடந்தது. தமிழரசன் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சென்னையில் இறக்கிவிட்டு, கல்யாண வேலைக்குத் திரும்பிவிட்டான். கலியம்மாள் வழி முழுக்க டிரைவருக்குப் பின்னால், தலையை சன்னல் கம்பியில் சாய்த்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். சசிகலாவிடம் பேசவேண்டியதை எல்லாம் பொதுவாகக் காற்றிடம் பேசினாள். "இங்க தண்ணி யாராச்சும் வச்சிருக்காங்களா?" சசிகலா கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

கப்பலில் அறைக் கதவைத் திறந்ததும் கலியம்மாள் நேராகச் சன்னலுக்குப் போனாள். பெரிய சன்னல், அதற்கு அந்தப் பக்கம் வெறும் கடல். பிறகு வீட்டுக்கு வீடியோ போட்டு, மாடு கன்றை விட்டு வரமாட்டேன் என்று தங்கிவிட்ட புருஷன் சாமிதுரைக்குக் காட்டினாள். "மேல் மாடிங்க. முன்னாடி. எல்லாரும் நமக்குப் பின்னாலதான்." வாசலில் நின்ற சசிகலாவுக்கு அது கேட்டது. பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் ஒத்திகை முடிந்து கப்பல் நகர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. துறைமுகம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கடல் திறந்ததும் காற்று பிடித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அய்யாக்கண்ணு மோர் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கலியம்மாளைக் காணவில்லை.

சசிகலா மேலே ஏறிப் போனாள். மாடிக்கு மாடி ஆட்டம் கூடியது. நீண்ட வராந்தாவில் முன்பக்கம் போகப் போக, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. கதவைத் தட்டியதும், "தொறந்துதான் கெடக்கு" என்று ஈனமான குரல் வந்தது.

கலியம்மாள் கட்டிலோரத்தில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். சன்னலில் கடல் ஏறியது, இறங்கியது. அறையைத் துடைக்க வந்திருந்த கப்பல் பையன், ஏதோ மலையாளம் கலந்த தமிழில், முன்பக்கமும் மேல் மாடியும்தான் அதிகம் ஆடும், நடுவில் கீழ் மாடியில் இருந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

சசிகலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரருக்குக் குலுக்கல் குறைவு. இங்கே எல்லாம் தலைகீழ். பார்த்துப் பார்த்துக் கொடுத்த இடம்தான் இருப்பதிலேயே மோசமான இடம்.

"அண்ணி, கீழ என் ரூமுக்கு வந்துடுங்க. அங்க இம்மிகூட ஆடல. ஒரு கட்டிலு சும்மாதான் கெடக்கு."

கலியம்மாள் தலையைத் தூக்கினாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நேராக அவளிடமே பேசினாள். "அன்னிக்கு எலை முன்னாடி நின்னவளை நகரச் சொன்ன. இன்னிக்கு ரூம்லேருந்து நகரச் சொல்றியா? சன்னல் இல்லாத அறைக்கு, அடிமாடிக்கு? நான் செத்தாலும் இங்கயேதான்."

"சரி, நானும் இங்கயேதான்" என்று சசிகலா தரையில் உட்கார்ந்தாள். ஒரு கோபத்தில்தான் உட்கார்ந்தாள். மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். முதுகைத் தடவிவிட்டாள். எதிரே சன்னல். கடல் ஏறியது, இறங்கியது. அவள் நெற்றி வியர்த்தது. வாயில் உமிழ்நீர் ஊறியது. பழனி மலைப்பாதை, ஏற்காடு, கொல்லிமலை எதிலும் ஊறாத உமிழ்நீர்.

"அண்ணி, அந்தப் பையைக் கொஞ்சம்..." என்பதற்குள் வந்துவிட்டது.

கலியம்மாள் தன் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தாள். "ஏண்டி, உனக்கு வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவியே?"

சசிகலாவுக்கு இரண்டாவது முறை வந்தது.

"வெக்கங்கெட்ட கடலு" என்றாள் கலியம்மாள். அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு வாந்தியும் வந்து, இரண்டு பேரும் ஒரே பைக்கு அடித்துக்கொண்டார்கள். சசிகலாவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் கலியம்மாளின் குரல் மாறியது.

"கூட்டிக்கிட்டு வந்த கூட்டத்தை யாரு பாக்குறது, நீ இப்படிக் கெடந்தா? எந்திரி. உன் ரூமு எங்க?"

"நீங்க வர வேணாம் அண்ணி. நானே..."

"எந்திரிங்கிறேன்ல."

இடுப்பில் கை கொடுத்துத் தூக்கியவள் கலியம்மாள்தான். ஒருத்தி தள்ளாட ஒருத்தி பிடிக்க, வராந்தா முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டே லிஃப்டுக்கு வந்தார்கள். அடிமாடி அறையில் கதவைச் சாத்தியதும் கடலே இல்லாதது போல இருந்தது. கலியம்மாள் சுற்றிப் பார்த்தாள்.

"குகை மாதிரி இருக்கு."

"ஆமாண்ணி."

"ஆடலையே."

"ஆடாது."

ஆளுக்கொரு கட்டிலில் விழுந்தார்கள்.

சன்னல் இல்லாததால் விடிந்தது தெரியவில்லை. அய்யாக்கண்ணு வந்து கதவைத் தட்டி, "இட்லி தீர்ந்துடும்மா, எந்திரிங்க" என்று கத்தியபோதுதான் எழுந்தார்கள். கலியம்மாளுக்கு நல்ல பசி. தன் இட்லிப்பொடி டப்பாவை சசிகலா பக்கம் தள்ளிவைத்தாள். மேல் அறையைக் காலி செய்யவில்லை. துவைத்த புடவைகளைக் காயப்போட அந்த அறை உதவியது. செட்டிகுளத்துப் பெண்கள் கலியம்மாளிடம் சாவி வாங்கிக்கொண்டு முறைபோட்டுப் போய், சன்னலில் கடலைப் பார்த்துவிட்டு, தலை சுற்றியதும் திரும்பி வந்தார்கள்.

"அவ்ளோ பெரிய ரூமு புடவை காயவா போட்டுக் கெடக்கு?" என்று அய்யாக்கண்ணு கேட்டார்.

"எங்க வூட்டு ரூமு, நாங்க என்னமும் போடுவோம்" என்றாள் கலியம்மாள். எங்க வூட்டு என்றதை சசிகலா கவனித்தாள். கேட்காதது போல இட்லியைப் பிட்டாள்.

கோணேசரைப் பார்த்தார்கள். பாறை உச்சியில் நின்று, கீழே கடலையும் கப்பலையும் பார்த்தார்கள். கலியம்மாள் பிரவீணா பேருக்கு அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் அவளுக்கே தெரிந்திருந்தது.

திரும்பி வந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அரியலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சசிகலா பையை எடுத்துக் கொடுத்தாள். வா என்று கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு வராமல் போனால், பிரவீணாவிடம் என்ன சொல்வது? கலியம்மாள் பஸ்ஸைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"பந்தக்கால் என்னிக்கு?"

"வர வெள்ளிக்கெழமை அண்ணி."

"மஞ்சள் நான் கொண்டாரேன். கடையில வாங்குறது மணக்காது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது விடிய வந்துவிட்டாள், சாமிதுரையோடு. வாசல்படியில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய் மஞ்சளை அரைத்தாள். மருமகளின் கன்னத்தை அதே மஞ்சள் கையோடு கிள்ளினாள். பந்தக்கால் நட்டு முடிந்ததும் முதல் பந்திக்கு இலை போட்டார்கள். சசிகலா சாம்பார் வாளியோடு வந்து, முதல் இலையைக் காட்டினாள்.

"அண்ணி, இங்க முன்னாடி உக்காருங்க."

கலியம்மாள் வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தாள்.

"முன்னாடி வேணாம்டியம்மா. நீ முன்னாடி வச்சா என்ன ஆகும்னு பாத்துட்டேன். நடுவுல போடு."

பந்தியே சிரித்தது, காரணம் தெரியாதவர்களும் சேர்ந்து. நடு இலையில் உட்கார்ந்த கலியம்மாள், பக்கத்து இலையில் வேறு யாரும் உட்காராமல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"வாளிய அவன்கிட்டக் குடுத்துட்டு நீ இங்க உக்காரு" என்றாள் தம்பியைக் காட்டி.

தமிழரசன் வாளியை வாங்கிக்கொண்டான். சசிகலா உட்கார்ந்தாள். சாம்பாரில் உப்புக் குறைவு என்று கலியம்மாள் சத்தமாகச் சொன்னாள்.