குய்ஃபென் தின்ற நூடுல்ஸ்

சீனத்து ஜியாங்யோவில் நாபிக்கிழங்கு வேகவைக்கும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. ஆனால் குய்ஃபென் வேலை பார்த்த பட்டறையில் அவள் நாக்குக்கென்று தனி மரியாதை இருந்தது. பச்சைக் கிழங்கு ஆளையே கொன்றுவிடும். அதிலுள்ள அகோனிட்டின் என்னும் நஞ்சு, கொதித்துக் கொதித்து உடைந்த பிறகுதான் அது மூட்டுவலிக்கும் சில்லிட்ட கைகாலுக்கும் மருந்து. குய்ஃபென் வெந்த கிழங்கில் ஒரு சீவலை மென்று துப்பிவிட்டுக் காத்திருப்பாள். நாக்கு மரத்தால் கிழங்கு மறுபடியும் கொப்பரைக்குப் போகும். பரிசோதனைக்கூடத்து முடிவு வர மூன்று நாளாகும். அதுவரை அவள் சொன்னதுதான் சட்டம்.

அந்த மப்பில் அவள் பண்ணிய அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. தன்னிடம் வேலை பழகும் இரண்டு பெண்களும் அந்த ஊர் மிளகை வாயில் போட்டுவிட்டு வந்தால் தீர்ந்தது. அந்த மிளகும் நாக்கை மரக்க வைக்குமே. "வாயைக் கட்ட முடியாதவளுக்கு இந்த வேலை எதுக்குடி?" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

குளிர்காலப் பண்டிகைக்கு முதல் நாள் தெருமுனையில் புதிதாக ஒரு நூடுல்ஸ் கடை திறந்தார்கள். வாசனை ஆளை இழுத்தது. ஒரு கிண்ணம்தானே என்று உட்கார்ந்தவள், மிளகு மிதக்க மிதக்க முழுதையும் வழித்துத் தின்றாள்.

மதியம், கொப்பரை பார்க்கும் பெங் சீவலைக் கொண்டுவந்தார். அவள் மென்றாள். நாக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"என்ன தங்கச்சி, வெந்துருச்சா?"

அந்த இரண்டு பெண்களும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். நூடுல்ஸ் தின்றேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வாள்?

"வெந்துருச்சுண்ணே."

வருஷா வருஷம் போல பெங் பண்டிகை ஆட்டுக்கறி சூப்புக்கு ஒரு கை கிழங்கு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நாக்குத் தெளிந்ததும் குய்ஃபென் பட்டறையைத் திறந்து, அதே கிழங்கில் ஒரு சீவலை மென்றாள். முதலில் நாக்கு மரத்தது. பிறகு உதடும் மரத்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

பெங் வீட்டில் எட்டுப் பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பு ஊற்றியாகிவிட்டது, யாரும் இன்னும் வாயில் வைக்கவில்லை.

"யாரும் குடிக்காதீங்க. கிழங்கு வேகல."

பெங் சிரித்தார். "நீதானம்மா வெந்துருச்சுன்ன?"

"நேத்து மிளகு நூடுல்ஸ் தின்னுட்டு வந்தேண்ணே. நாக்குல ஒண்ணுமே தெரியல. பொய் சொல்லிட்டேன்."

மருமகள் குழந்தையின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினாள். பெங் எழுந்து, பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"கறி போனா போகட்டும். உன் பேச்சை நம்பி சூப்பை ஒரு கொதியிலயே இறக்கச் சொன்னேன். முதக் கிண்ணம் எம்பேத்திக்குத்தான் ஊத்தினேன்."

முதலாளியிடமும் அந்தப் பெண்களிடமும் குய்ஃபென் தானே போய் நடந்ததைச் சொன்னாள். முதலாளி திட்டினார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. கிழங்கு மறுபடி கொப்பரைக்குப் போனது.

பண்டிகை கழிந்து அது வெந்து முடிந்த அன்று அவள் சீவலை மென்று, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் காத்திருந்தாள்.

"மரக்கலண்ணே."

இருபது வருஷமாக, அவள் அப்படிச் சொன்ன மறுநொடியே பெங் கிழங்கை இறக்கக் கொப்பரையைச் சாய்த்துவிடுவார். இன்று அவர் ஒரு சீவலை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். துப்பிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். பெண்கள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காத்திருந்து முடிக்கும் வரை குய்ஃபென் தலை குனிந்து நின்றாள்.