பாவு காயும் வரை மேகம் வரையக் கூடாது

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு கூரைக் கொட்டகை, ஒரு வாத்தியார், பதினாறு பிள்ளைகள். அதில் ஒன்பது பேர் மழையை நம்பி வெள்ளாமை செய்யும் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஏழு பேர் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒன்பது பேருக்கு மழை வேண்டும். ஏழு பேருக்கு வேண்டாம். நான் ஒன்பதில் ஒருவன்.

ஆவணியில் ஒருநாள் வாத்தியார் எங்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தார். "மேலே பாருங்க. மேகத்தைச் சிலேட்டுல வரைங்க. அப்புறம் அதைப்பத்திப் பேசலாம்" என்றார். அதுவரை சிலேட்டில் படம் கிறுக்கினால் அடிதான் விழும். ஆகவே எல்லோருக்கும் ஏகக் கொண்டாட்டம்.

எனக்குக் கவலை. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது மேகம். ஆறாவதை வரைந்து நிமிர்ந்தால் மேலே ஏழுதான் இருந்தன. இரண்டு ஒட்டிக்கொண்டன, ஒன்று கரைந்து போயிற்று.

"எண்ணிக்கை சரியா வரலீங்க ஐயா" என்றேன், அழாக் குறையாக.

"அது என்ன உங்க பட்டியில அடைச்ச ஆடா, சாமி? போயிட்டும் வந்துட்டுந்தான் இருக்கும். மறுபடி எண்ணு."

பக்கத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண். ஒரு மேகம் வரைவாள், உடனே கோவை இலையைக் கசக்கித் துடைத்துவிடுவாள்.

"ஏம்புள்ளே அழிக்கறே?"

"வரைஞ்சா வந்துருமல்லோ? எங்கப்பா தெருவுல பாவு போட்டிருக்கறாரு."

தறியில் ஏற்றுமுன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. காய்வதற்குள் மழை பட்டால் கஞ்சி கரைந்து, நூல் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிடும். அன்று அவர்கள் தாமதமாகத்தான் விரித்திருந்தார்கள். இன்னும் ஈரம் போகவில்லை.

எனக்குப் பின்னால் இருந்த காட்டுக்காரப் பையனுக்கு இது காதில் விழுந்துவிட்டது. "வரைஞ்சா வருமா? டேய், எல்லாரும் நல்லாக் கருப்பா வரைங்கடா! எங்க கடலைக்காடு காயுது!"

"சிலேட்டே கருப்பு. கருப்பு மேகத்தை எப்படிடா வரையறது?" என்று கேட்டேன்.

"ஓரத்துக்கு மட்டும் கோடு போடு. நடுவுல உட்டுரு. அதான் மழை மேகம்."

ஒன்பது சிலேட்டிலும் மழை திரண்டது. ஏழு பேரும் கோவை இலையோடு எங்கள்மேல் பாய்ந்தார்கள்.

"எம் மேகத்தைத் தொடாதே!"

"உம் மேகம் எங்க பாவு மேலதான் வரும். அழிடா அதை!"

வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடேய், சிலேட்டுல வரைஞ்சு மழை வந்தா கிணறு எதுக்கு, ஏத்தம் எதுக்கு? உக்காருங்க. எது பெய்யற மேகம், எது சும்மா மேகம், சொல்லுங்க பார்க்கலாம்."

"பஞ்சாட்டம் இருக்கறது பெய்யாதுங்க."

"செம்மறியாட்டம் கூட்டமாப் போறது வெறும் காத்துங்க."

"மலை தலைப்பாக் கட்டுனாப் பெய்யுமுங்க" என்றாள் அந்தப் பெண். "எங்கப்பா அதைப் பார்த்துத்தான் பாவைச் சுருட்டுவாரு."

நான் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். "ஏழுதானுங்க இருந்துச்சு. எட்டாவதா ஒண்ணு வந்திருக்குதுங்க ஐயா."

"எங்கடா?"

அலவாய்மலையைக் காட்டினேன். உச்சியில் கருப்பாக ஒன்று சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். உத்தரவு கேட்கவில்லை. பின்னாலேயே நெசவுக்காரப் பிள்ளைகள் ஓடினார்கள். அப்புறம் நாங்களும் ஓடினோம். கடைசியாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்தியார்.

தெருவில் அவளுடைய அப்பா மலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

"அப்பா, மலை கட்டிருச்சுங்க!"

திரும்பிப் பார்த்தார். ஒரு சத்தம் போட்டார். வீட்டுக்கு ஒருவராக ஆட்கள் வந்து ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினார்கள். பாவு மண்ணில் படாமல் நாங்கள் இரண்டு பக்கமும் நின்று ஏந்திக்கொண்டோம். கருப்பாக வரையச் சொன்னவன் அவளுக்கு எதிரே நின்றான்.

"நீதான வரையச் சொன்னே? இப்பப் புடி நல்லா!"

"புடிச்சுட்டுத்தான இருக்கறேன்! உள்ள கொண்டுபோனப்புறம் பெய்யட்டும்னுதான் வரைஞ்சேன்."

"பொய்யி! பொய்யி!"

பாவு வாசற்படி தாண்டியதும் முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. பிறகு நல்ல மழை. அவள் கூரையடியில் நின்று கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டாள். "இனி எத்தனை வேணும்னாலும் வரைஞ்சுக்கங்க" என்றாள்.

மழை தூறலான பிறகு திரும்பினோம். மரத்தடியில் நாங்கள் போட்டுவிட்டுப் போன பதினாறு சிலேட்டும் மழையில் சுத்தமாகக் கழுவப்பட்டுக் கிடந்தன. கொட்டகைக்குள் உட்காரவைத்து வாத்தியார் மறுபடி வரையச் சொன்னார். அவள் சிலேட்டு நிறைய ஒரு மேகம் வரைந்தாள், துடைக்கவில்லை. நான் வெளியே எட்டிப் பார்த்து எண்ணினேன். வானம் முழுக்க ஒரே மேகம். ஒன்று. சிலேட்டின் நாலு ஓரத்துக்கும் கோடு போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "மேகத்தைக் காணோம்?"

"நடுவுல இருக்கறது பூராவும் மேகந்தான்" என்றேன்.