ஊத்துக்குளி கேட் வரை ஓடிய வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கார் ஷெட்டைத் திறந்து வைத்திருந்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தாயிற்று. என் கணவரின் தம்பி நாச்சிமுத்து தாமதமாக வருபவர் அல்லர். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தான். "பெரிம்மா, அப்பா..." என்று ஆரம்பித்து அழுதான். "அழுகையை நிறுத்திட்டு முழுசாச் சொல்லு கண்ணு," என்றேன். விடியற்காலையில், தூக்கத்திலேயே, என்றான். தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் ஷெட்டைப் பூட்டினேன். வெள்ளைத் துணியை மடித்து வைக்கத் தோன்றவில்லை. அது அப்படியே கிடக்கிறது.

அவரைப் பனியன் கம்பெனி முதலாளியாக அறிந்தவர்கள் இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர். ஆர்டர் தவறினால் தெருவே கேட்கும்படி திட்டுவார், மத்தியானம் திட்டு வாங்கியவரையே கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவார் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த நாச்சிமுத்து, கடந்த சில வருடங்களாக என் வீட்டுக் கார் ஷெட்டில் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்து தன் அண்ணனின் மோட்டார் சைக்கிளை ஓடவைக்கப் பாடுபட்டவர். அவரால் அது முடியவில்லை. முடிந்தது என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் கணவரும் அவரும் ஒரே கம்பெனியாக இருந்து பிரிந்தவர்கள். யார் பக்கம் நியாயம் என்று இனி கேட்பதில் அர்த்தம் இல்லை. அடுத்தடுத்த தெருவில் வீடு இருந்தும் பல வருடங்கள் பேச்சு இல்லை. என் கணவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் தம்பி வரவில்லை. சாவுக்குத்தான் வந்தார். வந்து, ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனார்.

வருட திதி முடிந்த மறுநாள் என்னிடம் வந்து வண்டிச் சாவியைக் கேட்டார். என்னை "நங்கை" என்றுதான் அழைப்பார். அண்ணன் மனைவிக்கு எங்கள் பக்கத்து முறை அது. "நின்னே கெட்டுப்போயிருமுங்க நங்கை. ஒரு எட்டு உடுமலை வரைக்கும் ஓட்டிட்டு வந்துர்றனுங்க." கொடுத்தேன். சாயங்காலம் வண்டி குட்டியானை வேனில் படுத்துக்கொண்டு திரும்பி வந்தது. காற்றாலைகளுக்கு நடுவே ரோட்டில் எஞ்சின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்டதாம்.

"ஆயில் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அண்ணன் வண்டிங்க. அதுல ஆயில் இல்லாம இருக்கும்னு ஆருங்க நெனைப்பாங்க?"

"அவர் போயி ஒரு வருஷம் ஆச்சு, நாச்சிமுத்து."

அவர் வண்டியைத் தொட்டுப் பார்த்தார். "இதை நானே செஞ்சு குடுக்கறனுங்க. வேற ஆரும் கை வெக்க வேண்டாம்," என்றார்.

மெக்கானிக்கிடம் விடுங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "நிட்டிங் மிஷினே என் பேச்சக் கேக்குது, இது கேக்காதுங்களா?" என்பார். கேட்கவில்லை. கழற்றிய போல்ட்டை மாட்டத் தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். நான் நாற்காலி போட்டு எதிரில் இருப்பேன். கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது, கழற்றியதை மண்ணெண்ணெயில் அலசித் துணியின் மேல் வரிசையாக வைக்க வேண்டும் என்பது என் சட்டம். நான் படித்த கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் வகுப்பு முடிந்தால் ஊசிகளை எண்ணி ஒப்படைத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். எழுபது வயதைத் தாண்டியும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. நான் ஷெட்டுக்குள் நுழைந்தால், அங்கே அவரைத் தவிர வேறு யாரும் இல்லாவிட்டாலும், "மதர் சுப்பீரியர் வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று உரக்கச் சொல்லித் தானும் எழுந்து நிற்பார்.

உரசிக் கீறல் விழுந்திருந்த சிலிண்டரை முதலிபாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து வாங்கி வந்தார். அதற்கேற்ற பெரிய பிஸ்டன் வந்தது. துடைப்பதற்கு வேண்டிய துணிக்குத் திருப்பூரில் பஞ்சமே இல்லை. தன் கம்பெனியில் கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுகளை மூட்டையாகவே கொண்டுவந்து போட்டிருந்தார். அப்போது அங்கே குழந்தைகளுக்கான பனியன் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாமே இளமஞ்சள். பிஸ்டனை மாட்டும்போது சின்னஞ்சிறு வளையம் ஏதும் தவறி உள்ளே விழுந்துவிடாமல் இருக்க, கீழே திறந்திருந்த எஞ்சின் வாயில் அந்தத் துண்டுகளைத் திணித்தார்.

"எத்தனை துணி வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க டன் கணக்குல துணி பாக்கறவங்க நங்கை. இதையப் போயி எண்ணிக்கிட்டு இருப்பாங்களா?" என்று சிரித்தார்.

அந்த மாதங்களில்தான் ஒருநாள், தலையை நிமிர்த்தாமல், வேறு ஏதோ பேசுவது போலச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு நான் வந்தனுங்க நங்கை. வாசல் வரைக்கும் வந்து, உள்ள வர மொகம் இல்லாமத் திரும்பிட்டனுங்க." நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து வேலையைத் தொடர்ந்தார்.

வண்டி ஓடியது. அதை மறைக்க மாட்டேன். ஒருநாள் மிதித்ததும் பற்றிக்கொண்டது. என் கணவர் தெரு முனையில் திரும்பும்போது எனக்குக் கேட்கும் அதே சத்தம். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். சில வாரங்கள் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிறகு, "ஊத்துக்குளிக்குப் போயி வெண்ணெய் வாங்கிட்டு வந்தர்லாம், வாங்க," என்றார். என் கணவர் என்னைப் பின்னால் உட்காரவைத்து அங்கேதான் அழைத்துப் போவார். வெளிநாட்டில் இருக்கும் என் மகனுக்குத் தெரிந்தால் இருவரையும் திட்டுவான் என்றேன். "அவனுக்கு ஆரு சொல்றதுங்க?" என்றார். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தேன். வழி நெடுக அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரயில் கேட் மூடியிருந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே நெருங்கியபோது எஞ்சினுக்குள் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

எஞ்சினின் பக்கச் சுவர் உடைந்து சூடான ஆயில் தாரில் கொட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்த பையன் ஒருவன், "ஏனுங்க அப்புச்சி, இந்த வயசுல ரேஸுக்கா கெளம்புனீங்க?" என்றான். வேறு நாளாக இருந்தால் நாச்சிமுத்து அவனுக்குச் சரியான பதில் கொடுத்திருப்பார். அன்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பையனைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

எஞ்சினைப் பிரித்தபோது நானும் இருந்தேன். ஆயில் ஏறும் வழியில் உள்ள சிறு சல்லடையின் மேல் ஒரு துணித் துண்டு ஒட்டியிருந்தது. கறுத்துப்போயிருந்தாலும் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். "எங்க கம்பெனித் துணிங்க," என்றார். எண்ணச் சொன்னேனே என்று நான் கேட்கவில்லை. அவரைப் பார்த்த எவராலும் கேட்டிருக்க முடியாது. அந்தத் துணியை அன்று அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு குப்பையில் போட்டேன். அதையெல்லாம் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அதற்கு மேல் நம்பிக்கை என்று எதுவும் இல்லை. ஆயில் ஏறாமல் உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு முறிந்து, அதுதான் சுவரை உடைத்திருந்தது. பட்டறையில் பற்றவைத்துப் பார்த்தார்கள். சூட்டில் அந்த இடம் கோணிக்கொண்டது. மறுபடி பற்றவைத்தால் பக்கத்தில் விரிசல் விட்டது. "இத்தோட விட்டுருங்க முதலாளி. இது தாங்காதுங்க," என்று பட்டறைக்காரர் நேராகவே சொல்லிவிட்டார். பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி வேறு எஞ்சின் கூடு கிடைக்கும், வாங்கலாமா என்று நாச்சிமுத்து என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார். எஞ்சின் எண் அந்தக் கூட்டின் மேல்தான் அடித்திருக்கிறது. அதை மாற்றினால் யாரோ ஒருவருடைய எஞ்சின் ஓடும், அவர் அண்ணனுடையது ஓடாது என்றேன். "நீங்க சொல்றது நெசந்தானுங்க," என்றார். இன்று கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தார். போன வருடம் இதயம் பலவீனமாகிவிட்டது. வீட்டு வாசல் கேட்டிலிருந்து ஷெட்டுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கும். சுத்தமாக இருப்பதையே எடுத்துத் துடைப்பார், இருந்த இடத்திலேயே வைப்பார். "இன்னொருக்கா அந்த கேட்டு வரைக்கும் ஓடுனாப் போதுமுங்க நங்கை. அப்பறம் எடைக்குப் போட்டர்லாம்." ஓடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்: "மனசுல இருக்கறதை உள்ள போயி அவர் படத்துக்கு முன்னால சொல்லிட்டு வாங்க, நாச்சிமுத்து. அதுக்கு எதுக்கு எஞ்சின்?"

"நின்னு பாத்தனுங்க. அங்க அமைதியா இருக்குதுங்களா, என் பேச்சு எனக்கே கேக்குது. வாய் வர மாட்டீங்குதுங்க."

சொல்லிவிட்டு ஒரு போல்ட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

வண்டியை யாரையாவது வைத்து மேலுக்குப் பூட்டி, கம்பெனி வரவேற்பறையில் வைக்கலாமா என்று அவர் மகன் கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓடாத ஒன்றை ஓடுவது போல நிறுத்திவைப்பது எனக்குப் பிடிக்காது. பாகங்கள் எல்லாம் என் ஷெட்டில், அவர் கடைசியாக வைத்த வரிசையில் இருக்கின்றன. எனக்குப் பிறகு அவை எடைக்குத்தான் போகும்.

நான் எனக்கென்று வைத்திருப்பது ஊத்துக்குளி ரயில் கேட்டில் என் காதில் விழுந்தது ஒன்றுதான். எஞ்சின் சட்டென்று நின்றபோது நாச்சிமுத்து தன் பேச்சை நிறுத்தியிருக்கவில்லை. வழி நெடுக அவர் என்னிடம் பேசிக்கொண்டு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திடீரென்று வந்த அமைதியில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "...அன்னைக்கே உள்ள வந்திருக்கோணுமுங்க அண்ணா, நான்..."

திரும்பி என்னைப் பார்த்தார். "எதாச்சும் கேட்டுதுங்களா நங்கை?"

"காத்துல ஒண்ணும் கேக்கலை," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்ன சொல்ல இருந்தார் என்று நான் கேட்கவே இல்லை. அதைச் சொல்லி முடிக்கத்தான் அவருக்கு அந்த எஞ்சின் சத்தம் இன்னொரு முறை வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை.