முறுக்கு அவிழ்ந்த கண்டன்சர்கள்

கெட்டுப்போன கண்டன்சரை எங்கள் வீட்டில் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். சீலிங் ஃபேனின் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தால் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, இரண்டு கம்பி வாலோடு உட்கார்ந்திருக்குமே, அதுதான் கண்டன்சர். அது போய்விட்டால் ஃபேன் முனகும், சுற்றாது. புதுசு மாட்டினால் மறுபடி ஓடும். அப்பாவின் பிழைப்பு பெரும்பாலும் இந்த ஒரு பொருளை நம்பித்தான் இருந்தது.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில். அப்பாவுக்குக் குற்றாலத்து லாட்ஜுகளில் வேலை. சாரல் விழும் சீசனில் அங்கே யாருக்கு ஃபேன் வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காற்றுக்காக இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அருவியில் நனைகிறவர்கள் ஈரத் துண்டையும் வேட்டியையும் வேறு எப்படிக் காயவைப்பது? ரூமுக்குள் கொடி கட்டி, ஃபேனை முழு வேகத்தில் விட்டுவிட்டு, போர்வைக்குள் சுருண்டுகொள்வார்கள். ஃபேன் நின்றால் அருவியே நின்ற மாதிரி கத்துவார்கள்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

எழுதிவைக்கத் தெரியாத அப்பா, கண்டன்சர் விஷயத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கெட்டதைக் கழற்றிய கையோடு அதன் இரண்டு வாலையும் சேர்த்து மூன்று சுற்று முறுக்கிவிடுவார். முறுக்கு இருந்தால் கெட்டது, இல்லாவிட்டால் நல்லது. அதனால் இரண்டையும் ஒரே பிஸ்கட் டின்னில்தான் போட்டுவைப்பார். சீசன் முடிந்ததும் கெட்டவற்றை எல்லாம் வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் உடைப்பார். அதுவரை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. முழுசாகக் குப்பையில் போட்டால் எவனாவது எடுத்துத் துடைத்து, புதுசு என்று ஏமாந்தவன் வீட்டில் மாட்டிவிடுவான் என்பது அவர் பயம்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் டீச்சருக்குச் சுத்தத்தின் மேல் பெரிய பிரியம். பென்சில் பெட்டியை ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பவர்களுக்குச் சட்டையில் ஒரு காகித நட்சத்திரம் குத்துவார். இரண்டு வாரம் தொடர்ந்து நான்தான் குத்திக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது வாரம் என் பெட்டியில் அடுக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் அப்பாவின் டின் கண்ணில் பட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா சாமான் வாங்க பஜாருக்குப் போயிருந்தார். டின்னைத் திறந்தால் ஒரே அலங்கோலம். ஒட்டடை, துரு, சிக்குப் பிடித்த தலைமாதிரி முறுக்கிக் கிடக்கும் கம்பிகள். முறுக்கு எதற்கு என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தவள் யாரைக் கேட்பாள்?

தினமும் காலையில் அம்மா என் பின்னலை அவிழ்ப்பதுபோல ஒவ்வொரு முறுக்கையும் அவிழ்த்தேன். வாலை நீவி நேராக்கினேன். பிறகு குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களின் ஞாபகம் வந்தது. தேங்காய் எண்ணெயை எடுத்து ஒவ்வொரு கண்டன்சருக்கும் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பழைய துணியால் துடைத்ததும் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. வயிறு ஊதிய மூன்றை மட்டும் அழகாக இல்லை என்று கீழே தள்ளிவிட்டு, மற்றவற்றை வரிசையாக அடுக்கி மூடிவைத்தேன். அப்பா தானாகவே பார்த்து அசந்துபோகட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அப்பா டின்னைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அருவிக்குப் பக்கத்திலிருந்த ஒரு லாட்ஜில் பதினோரு ஃபேன். அந்த முதலாளிக்கே இன்னும் இரண்டு லாட்ஜுகள் உண்டு. அந்த மூன்று இடமும் தரும் வேலைதான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. அன்று காலை அங்கே கரண்ட் இல்லை. வழக்கமாக மாட்டி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவார். அடுத்த லாட்ஜில் வயரிங் வேலைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். டின்னில் பளபளத்தவற்றை அம்மா துடைத்துவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாராம். முறுக்கு இல்லாததை எடுத்து மாட்டினார், போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அந்த டின் அவருக்குப் பொய் சொன்னதில்லை.

மத்தியானம் கரண்ட் வந்தது. ஆறு ஃபேன்கள் முனகிக்கொண்டு நின்றன.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா முற்றத்தில் டின்னைத் திறந்துவைத்துக்கொண்டு குந்தியிருந்தார். லாட்ஜ்காரர்கள் ஆள் அனுப்பிவிட்டார்கள்.

"இத ஆரு தொட்டா?" என்றார்.

"நாந்தான்பா. எப்படி அடுக்கிருக்கேன் பாத்தீயளா?" என்றேன், நட்சத்திரத்துக்குக் காத்திருக்கும் குரலில்.

அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஏட்டி, ஒனக்கு விளையாட இதுதான் கெடச்சிதா? அந்த மனுசன் ஓடி ஓடி வேல பாக்குதாரு, நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே!" கையை ஓங்கினாள்.

அப்பா தடுத்தார். "விடு. அடிச்சா முறுக்கு திரும்பி வந்திருமா?" என்று சொல்லி, முறுக்கின் சங்கதியை அப்போதுதான் எனக்கு விளக்கினார். பல்பு வைத்துப் பார்த்தால் முழுசாகச் செத்தது தெரியும், பாதி உயிரோடு இருப்பது தெரியாதாம். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் பொழுது போய்விடும், அதற்குள் ரூம்கள் காலியாகிவிடும்.

நான் டின்னிலிருந்து ஒன்றை எடுத்து வாலை விரலால் நீவினேன். நேராக்கிய கம்பிதான். ஆனால் மூன்று இடத்தில் லேசாக நெளிந்து, விரலில் தட்டுப்பட்டது. இன்னொன்றை எடுத்தேன். வழுவழுவென்று போனது.

"அப்பா, எனக்குத் தெரியுது. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்" என்றேன்.

தழும்பேறிய அப்பாவின் விரல்களுக்கு அந்த நெளிவு எட்டவில்லை. இரண்டு தடவை நீவிப் பார்த்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றவிடாமல் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

லாட்ஜில் மேனேஜர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் மதுரைக்காரர் ஒருவர் ஈர வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதைக் கட்டிக்கிட்டே பஸ் ஏறவா, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாரும்வே" என்றார் மேனேஜர். "பழசத் தொடச்சி மாட்டிட்டு புதுசுன்னு சொல்லிட்டுப் போயிருக்கீரு. இதுல எண்ணெய் வேற தேச்சிருக்கு, ஏணியில ஏறிப் பாத்த நம்ம ரூம் பையனுக்குக் கை வழுக்குது. ஒம்மளப் போயி நம்புனேன் பாரும். நாளைக்கு செங்கோட்டையிலருந்து வேற ஆளு வருதான்."

அப்பாவை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் முன்னால் போய், எண்ணெய் தேய்த்தது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார்.

"எந் தப்புதான் அண்ணாச்சி. நாந்தான் எண்ணெயப் போட்டுத் தொடச்சி, நல்லதையும் கெட்டதையும் கலந்துட்டேன். பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் ஓடவச்சிருதேன். ஓடலன்னா செங்கோட்டைக்காரன வரச்சொல்லுங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுக்கியது நான், தேய்த்தது நான். அதை அவர் எப்படித் தன் வேலை என்று சொல்லலாம்?

கோபத்தை வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். அப்பா ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, நான் கீழே நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வாலை நீவினேன். "இது கெட்டது." "இது கெட்டது." "இதுவும்." முனகிய ஆறிலும் நெளிவு இருந்தது. டின்னில் மிச்சம் இருந்தவற்றில் வழுவழுவென்று இருந்த ஆறைப் பொறுக்கிக் கொடுத்தேன். கெட்டவற்றை அங்கேயே நானே முறுக்கினேன், மூன்று சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்றாக.

கடைசி ரூமில் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஒரு நொடி யோசித்தது. பிறகு மதுரைக்காரரின் வேட்டி கொடியிலிருந்து எழுந்து மேனேஜரின் முகத்தில் அறைந்தது. மதுரைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ஒம்ம மவ கெட்டிக்காரிதான்வே" என்றார் மேனேஜர், வேட்டியை விலக்கிக்கொண்டே. "இவ மட்டும் இல்லன்னா இன்னைக்கு ஒம்ம கத கந்தல்தான்."

"ஆமா அண்ணாச்சி. அவ படிச்ச பிள்ளைல்லா" என்றார் அப்பா.

செங்கோட்டைக்காரர் வரவில்லை. மூன்று லாட்ஜ் வேலையும் அப்பாவிடமே இருந்தது. ஆறு ஃபேன்களை ஓடவைத்தவள் நான் என்று வகுப்பில் ஒரு வாரம் சொன்னேன். அதில் பொய் இல்லை. இன்று டிப்ளமோ முடித்து, மீட்டரும் கையுமாக நானே மோட்டார்களைச் சோதிக்கிறேன். என் விரல்கள் அந்த வேலைக்கென்றே பிறந்தவை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பாமேல் இருந்த கோபம் மட்டும் நெடுநாள் போகவில்லை. பாதிப் பெருமையை அவர் எடுத்துக்கொண்டார் என்றே நினைத்திருந்தேன்.

அதன் பிறகு விடுமுறைகளில் அந்த லாட்ஜுக்கு நானும் கூடப் போனேன். முன்பெல்லாம் அப்பா ஏணியைச் சாத்தினால் மேனேஜர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாராம். அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு ரூமிலும் ஏணியடியில் வந்து நின்றார். அப்பா மாட்டப்போகும் ஒவ்வொரு கண்டன்சரையும் முதலில் அவரிடம் நீட்டுவார். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாலை நீவி, திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவார். அதற்கு அப்புறம்தான் அப்பா ஏணியில் ஏறுவார். அப்பா அந்த வேலையை விடும்வரை ஒன்பது சீசன் இப்படியே நடந்தது.

முதல் தடவை அதைப் பார்த்த அன்று, மேனேஜர் அண்ணாச்சிக்கும் ஃபேன் வேலை படிக்க ஆசை வந்துவிட்டது, அப்பாதான் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். அம்மா என் பின்னலை அவிழ்த்து, மறுபடி இறுக்கிப் பின்னிவிட்டாள்.