கூப்பிய கையும் கணக்கில் வராத காலடிகளும்

சத்திரம் பேருந்து நிலையத்தில் படியேறிக்கொண்டிருந்தேன். "ஏங்க, செருப்பு கழண்டு கிடக்குது பாருங்க" என்று பின்னால் வந்தவர் சொன்னார். குனிந்து பார்த்த பிறகுதான் இடது கால் வெறுங்காலாக இருப்பது தெரிந்தது. பாதத்தில் உணர்வே இல்லை.

நான்கு நாளில் இரண்டு கால்களும் முழங்கால்வரை செயலிழந்தன. கில்லன்-பாரே நோய் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய மருந்து) இரத்தக்குழாய் வழியே ஏற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து, வாக்கர் இல்லாமல் ஸ்ரீரங்கத்துக்கு வீடு திரும்பினேன்.

தினமும் எத்தனை காலடி நடக்கிறேன் என்று வாரம் ஒருமுறை தெரிவிக்கச் சொன்னார் நரம்பியல் மருத்துவர். இதற்காகக் காலடி எண்ணும் பழைய கைப்பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். உத்திர வீதியில் கையை வீசி நடந்த முதல் வாரங்களில் ஆயிரத்து நூறு வரை காட்டியது. தூரம் எழுநூறு மீட்டருக்கு மேல். அலுவலகப் பேருந்து நிற்கும் இடம் வீட்டிலிருந்து அறுநூறு மீட்டர்தான். அடுத்த மாதம் வேலைக்கு வருகிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன்.

பிறகு எண் இறங்கத் தொடங்கியது. நானூற்று எண்பது. மறுவாரம் முந்நூற்றுப் பத்து.

"நடை இப்படிக் குறையுதுன்னா நோய் திரும்புதான்னு பாக்கணும்மா" என்றார் மருத்துவர் தொலைபேசியில். "திங்கக்கிழமை அட்மிஷனுக்குத் தயாரா வாங்க. தேவைப்பட்டா மறுபடி மருந்து ஏத்திடலாம்."

அந்த எண்ணை என் கால்களும் நம்பின. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் படுத்தே இருந்தேன். அம்மா பெட்டியில் துணி அடுக்கினாள்.

சனிக்கிழமை மாலை அம்மாவின் வற்புறுத்தலால் கோயிலுக்குப் போனோம். நான் எழுந்து நடந்தால் ஒரு மண்டலம் பிரகாரத்தில் நடக்க வைப்பதாக அவள் வேண்டியிருந்தாள். இரண்டு வாரங்களாக என் நடைப்பயிற்சி வீதியில் இல்லை, அங்கேதான். ஒரு பக்கம் முழுக்க நடந்து முடித்துப் பட்டையைப் பார்த்தேன். பதினொன்று காட்டியது.

நான் கையைக் கூப்பியபடி நடந்திருக்கிறேன். கை ஆடினால்தான் பட்டை காலடியை எண்ணும்.

"அம்மா, நாளைலேருந்து கையை வீசித்தான் நடக்கணும்."

"பெருமாளைச் சுத்தும்போதா? கையை வீசிட்டுப் போக இது என்ன பெரிய கடைத்தெருவாடி?"

கருவிகளை அளவு சரிபார்ப்பதுதான் என் தொழில். என் மணிக்கட்டில் இருந்ததை மட்டும் ஒருநாளும் சரிபார்க்கவில்லை.

ஞாயிறு காலை, குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் அப்பா இரும்பு டேப்பை விரித்து இருபது மீட்டருக்குக் கோடு போட்டார். கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலையில் இருந்தவர். கோட்டை மூன்று முறை அளந்தார். நான் நடக்க, அவர் சத்தமாக எண்ணினார். நாற்பத்தேழு காலடி. கை வீசியபோது பட்டை நாற்பத்தைந்து காட்டியது. கூப்பியபோது ஆறு. அப்பாவின் தோளைப் பிடித்தபோது பத்தொன்பது. கணுக்காலில் கட்டியபோது நாற்பத்தாறு.

"கொலுசு வாங்கித் தந்தப்ப போடமாட்டேன்னவ" என்றாள் அம்மா.

ஆனால் தூரம் வேறு கதை சொன்னது. பட்டையில் என் காலடி நீளம் அறுபத்தாறு சென்டிமீட்டர் என்று பதிந்திருந்தது. நோய்க்கு முன் நானே கொடுத்தது. இருபது மீட்டரை நாற்பத்தேழால் வகுத்தால் இப்போது நாற்பத்து மூன்றுகூட இல்லை. எழுநூறு மீட்டர் என்று நான் பெருமையாக எழுதிய நாளில் நானூற்று எழுபது மீட்டர்தான் நடந்திருக்கிறேன்.

திங்களன்று இரண்டு கணக்கையும் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் முழங்காலில் சுத்தியால் தட்டினார், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார், குதிகாலில் நடக்க வைத்தார். "பலம் குறையல. மருந்து வேண்டாம்" என்றார். பிறகு தூரத்தைப் பார்த்து, "வேலைக்கு அவசரப்படாதீங்க" என்றார். அலுவலகத்துக்கு அன்றே எழுதி, இன்னும் இரண்டு மாதம் கேட்டேன். மருத்துவமனைப் படுக்கைக்குப் பயந்ததைவிட அந்தக் கடிதத்தை எழுதுவது கடினமாக இருந்தது.

இதைப் படிப்பவர் என்னைப் போல மீண்டுகொண்டிருந்தால், பட்டையை நம்பும் முன் ஒரு டேப்பும் எண்ணிச் சொல்ல ஒரு ஆளும் தேடிக்கொள்ளுங்கள். கைத்தடியோ வாக்கரோ பிடித்தால் கணுக்காலில் கட்டிப் பாருங்கள். காலடி நீளத்தை மாதம் ஒருமுறை புதிதாக அளந்து பதியுங்கள். பழைய நீளத்தை அழிக்கும்போது சற்று வலிக்கும்.

இப்போது வேலைக்குப் போகிறேன். பேருந்து நிற்கும் இடம் ஒரு காலத்தில் தொள்ளாயிரம் காலடி. இன்று ஆயிரத்து இருநூறு. எட்டு நிமிடம் எடுத்த வழிக்குப் பதினேழு நிமிடம் ஒதுக்குகிறேன். வழியில் எத்தனை வீடு என்று முன்பு கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. முப்பத்தொன்று. பதினேழாவது வீட்டின் முன் நின்று மூச்சு வாங்குவேன். அதைப் பார்த்த அந்த வீட்டுப் பெண், காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவைக்கத் தொடங்கினார். முதல் வாரங்களில் அதில் உட்கார்ந்தேன். இப்போது அதன் முதுகைப் பிடித்துச் சற்று நின்றுவிட்டு நடக்கிறேன்.