வடக்குச் சுவரின் கடிகாரம்

அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு கோதுமை மாவட்டத்து நீதிமன்றக் கோபுரத்துக்கு மூன்று பக்கம்தான் கடிகாரம். அந்தக் காலத்தில் இந்த ஊர் மாவட்டத் தலைநகராவதை எதிர்த்து ஓட்டுப் போட்ட மாவட்டத்து வடக்குப் பகுதிக்காரர்களுக்கு நேரம் காட்டுவானேன் என்று, கட்டியவர்கள் வடக்குச் சுவரை வெறும் சுண்ணாம்புக்கல்லாகவே விட்டுவிட்டார்கள்.

அங்கே பெருக்கித் துடைக்கும் ஓபல் டிங்கெல் வடக்கே பிறந்தவள். ஓய்வு பெறுவதற்குள் தன் ஊர்ப் பக்கமும் ஒரு கடிகாரத்தைப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

"எங்க தாத்தா போட்ட ஓட்டுக்கு நான் எத்தனை காலம் நேரம் தெரியாம அலையறது?" என்று மாவட்டக் குழுத் தலைவர் மெர்லிடம் கேட்டாள்.

"உங்க ஊருக்கு எதுக்கும்மா கடிகாரம்? பசிச்சா மாடு கத்துமே!" என்றார் அவர்.

ஓபல் குளிர்காலம் முழுக்க ஒட்டுத்துணிகளைத் தைத்துக் கடிகார முகம் ஒன்று செய்தாள். அறுவடைத் திருவிழாவன்று விடியும்போதே அதை வடக்குச் சுவரில் தொங்கவிட்டாள்.

துணி முள் நகருமா? எந்நேரமும் பன்னிரண்டுதான். சாப்பாட்டு நேரமாயிற்றென்று வடக்கு மொத்தமும் காலையிலேயே வந்திறங்கி, விருந்துக்குச் சுட்டு வைத்த ஆப்பிள் பைப் பலகாரம் அத்தனையையும் தீர்த்துவிட்டது.

மெர்ல் காலித் தட்டோடு வந்து தொப்பியைக் கழற்றினார். "தாயே, ஓடற கடிகாரமே வாங்கி மாட்டிடறேன். இதை இறக்கிடு."

"மாடு கத்தும்னீங்களே மெர்ல்," என்றாள் ஓபல். "கத்தலை பாருங்க. நேரா வந்து மேய்ஞ்சிடுச்சு."