டிரைவர் சீட்டுக்குப் பின்னால்

"எந்தப் பக்கம் வைக்கலாம்?" என்று மதுரையில் அந்த டாக்டர் கேட்டார். இரண்டு காதும் ஒரே லட்சணத்தில் இருந்ததால் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். சிறு வயதிலிருந்து சீழ் வடிந்து, இரண்டு பக்கமும் அறுவை செய்து, காதுக்குள் மாட்டும் மெஷின் எதையும் என் காது ஏற்றுக்கொள்ளாமல் போன பிறகு மிச்சமிருந்த வழி அது. காதுக்குப் பின்னால் மண்டை எலும்பில் டைட்டானியத்தில் ஒரு சின்னத் திருகாணி. அதன் தலை தோலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை அதில் பித்தான் போல அழுத்தி மாட்டினால், சத்தம் எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போய்விடும்.

நான் இடது பக்கம் என்றேன். அப்போதுதான் கார் லைசென்ஸ் எடுத்திருந்தேன். நம்மூரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருவார், பேச்சுத்துணைக்கு வருகிறவர் இடப்பக்கம். அப்பாவே என் புத்தியை மெச்சினார். அடுத்த வருடம் கல்யாணமாகி துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானுக்கு வந்தேன். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். ஆக, கேட்கிற என் ஒரே பக்கம் பன்னிரண்டு வருடமாகக் கார் ஜன்னல் கண்ணாடியோடு குடித்தனம் நடத்துகிறது. மனிதர்கள் எல்லாரும் கேட்காத பக்கம்.

வேறு யாருக்காக இல்லாவிட்டாலும் என் மகளுக்காக இதை நினைத்து வயிறெரிந்திருக்கிறேன். அவளுக்குப் பதினொரு வயது. ஷார்ஜாவில், முவைலா என்ற இடத்தில் பள்ளிக்கூடம். நான் வேலை பார்க்கும் விளம்பரப் பலகைக் கம்பெனியும் ஷார்ஜாவில்தான் என்பதால் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். டிராஃபிக்கைப் பொறுத்து முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். ஒரு நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக இருக்கும் நேரம் அது. அந்த நேரம் முழுக்க எனக்குக் கிடைத்ததெல்லாம் டயர் சத்தம்.

வீட்டில் என்றால் நான் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். தமிழ் மட்டும்தான் எனக்கு உதட்டில் தெரியும். ஆங்கிலம் பேசினால் வாய் மென்றுகொண்டிருப்பதுபோல இருக்கும், ஒரு வார்த்தை பிடிபடாது. அதனால் சிநேகிதிகளோடும் அப்பாவோடும், ஏன், பொம்மையோடும்கூட ஆங்கிலம் பேசுகிறவள் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள். அதுவும் இரண்டு மூன்று வருடமாகக் குறைந்துவிட்டது. "என்னது?" என்று நான் இரண்டாவது தடவை கேட்டால், "ஒண்ணுமில்ல, விடும்மா" என்பாள். காது கேட்காதவர்களைக் கேட்டுப் பாருங்கள், உலகத்திலேயே மோசமான வார்த்தை எது என்று. இதைத்தான் சொல்வார்கள். பத்து வயது தாண்டியதும் சட்டப்படி முன்சீட்டுக்கு வரலாம் என்று ஆனபோது, "பின்னாடியே வசதியா இருக்கு" என்று என் சீட்டுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியில்கூட அவள் முகம் தெரியாத இடம் அது. என் பிள்ளை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். வெளியே சொல்லவில்லை. உள்ளே ரொம்ப வலித்தது.

இதற்கு நடுவில் உள்காதும் தேய்ந்துகொண்டே வந்தது. பழைய பெட்டியின் சத்தத்தை முழுசாக வைத்தாலும் போதவில்லை. இங்கே கிளினிக்கில் காதுப் பரிசோதனை செய்யும் பெண் யாழ்ப்பாணத்துக்காரர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இதைவிடச் சக்தி கூடின பெட்டி ஒன்றை இரண்டு வாரம் இரவலாகத் தந்தார். திருகாணி அதேதான், பெட்டி மட்டும் மாறும்.

"முதல் மூண்டு நாலு நாள் தலையிடி இருக்கும். அதுக்காகக் கழட்டி வச்சிடாதேங்கோ. மூளை பழக வேணும்," என்றார்.

கூடவே ஒரு தாளும் தந்தார். வீட்டில், ஆபீசில், போனில், கூட்டத்தில், காரில் எப்படிக் கேட்கிறது என்று தினமும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். எனக்குக் கடைசிக் கட்டம் ஒன்றுதான் கண்ணில் பட்டது. காரில் அவள் குரல் கேட்டால் வாங்குவது, கேட்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழசோடு காலம் தள்ளுவது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஏசி இவ்வளவு இரைச்சல் போடும் என்று இத்தனை வருடத்தில் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? முறுக்கைக் கடித்தால் மண்டைக்குள் கட்டடம் இடித்தார்கள். லிஃப்ட் அரபியில் பேசுகிறது என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தலையணையோ கையோ பக்கத்தில் வந்தால் பெட்டி விசில் அடிக்கும். என் கணவர் ஆசையாகத் தோளில் கை போட்டார். பெட்டி வீல் என்றது. "ரெஃப்ரி ஃபவுல் குடுத்துட்டாரு" என்று கையை எடுத்துக்கொண்டார். நான் வழக்கம்போலக் கத்திப் பேசி, என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். இப்படியா இத்தனை வருடம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன் என்று கேட்டதற்கு, "நாங்க பழகிட்டோம்" என்று மட்டும் சொன்னார், நல்ல மனுஷன். வீட்டில் என்ற கட்டத்தில் நாலு போட்டேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் சத்தத்துக்காக மட்டும் ஐந்தே போட்டிருக்கலாம்.

காரில் முதல் நாள் காலை ஏதோ டிக் டிக் என்று கேட்டது. வண்டியில் கோளாறு என்று பயந்து வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். இண்டிகேட்டராம். திரும்பி முடித்த பிறகும் நான் அதை அணைப்பதில்லை என்று வருடக்கணக்கில் அவர் போட்ட சண்டை எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. ஆனால் அதைத் தவிர, பழைய டயர் சத்தமே இரண்டு மடங்காகக் கேட்டது. பின்சீட்டிலிருந்து ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். வார்த்தை இல்லை. நாலு நாள் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் தாளையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே போய்விட்டேன். கோபம்தான். கோபம் யார் மேல் என்று கேட்டால் பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய என் மேல்.

அந்த யாழ்ப்பாணத்துப் பெண் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை காரில எங்க இருக்கிறவ?"

"என் சீட்டுக்குப் பின்னாடி."

"அப்ப வலப்பக்கம் இல்லைத்தானே, இடது பக்கமே நல்லது! இது முன்னுக்கு நிக்கிற ஆளின்ர பேச்சைத்தான் பிடிக்கிற மாதிரி வச்சிருக்கு. பின்னால வாறதைக் குறைச்சுப் போடும். காருக்கெண்டு வேற ஒண்டு போட்டுத் தாறன்."

கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். பெட்டியில் உள்ள பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் எல்லாப் பக்கமும் கேட்கும், டயர் இரைச்சல் மாதிரி அடிச் சத்தம் குறையும் என்றார்.

மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன்பே அமுக்கிக்கொண்டேன். அஜ்மானைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில், ஒரு லாரி வழி விடாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. அதன் மேலேயே கண்ணாக இருந்தேன். அப்போது, "அம்மா" என்று பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். லாரி போகட்டும், பதில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, நேத்து பிஇ பீரியட்ல ஃபுட்பாலுக்கு என்னை கோல்கீப்பரா நிக்க வெச்சாங்க. ஓடத் தெரியாதவங்களத்தான் அங்க நிக்க வெப்பாங்க. நான் மூணு கோல் விட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா பரவால்ல."

வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அதைவிட இன்னொன்று. அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வதாக இருந்தால் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வாள். இது தமிழ். என்னிடம் பேசுகிறாள். முதலில் ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டு, நான் திரும்பாததால் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு என் முதுகிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த முணுமுணுப்பு எத்தனை நாளாக இருந்ததோ. பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, என் தலைக்கு ஒரு முழம் பின்னால் உட்கார்ந்து தினமும் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

கேட்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நின்றுபோகுமே என்ற பேராசை. மறுநாளும் அதே மாதிரி "அம்மா" என்றாள். நானும் கல் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ் என்னை அசெம்ப்ளில பாடச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். நீ வருவ. ஃபர்ஸ்ட் ரோல உக்காருவ. எல்லாரும் கைதட்டுறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, லாஸ்டா நீ தட்டுவ. எனக்கு அழுகையா வருது அதைப் பாத்தா. கோவமாவும் வருது. உன் மேல இல்ல. யார் மேலன்னு தெரியல."

பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிட்டு, கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தி நன்றாக அழுதேன். கைதட்டுகிற விஷயத்தில் நான் கெட்டிக்காரி, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகையிலும் ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை நுணுக்கமாக என்னைக் கவனிக்கிறவள் என்னை விட்டுப் போனவள் இல்லை.

மூன்றாம் நாள் அவளுடைய சிநேகிதியைப் பற்றிச் சொன்னாள். ஏதோ அல்பத்துக்குச் சண்டை, ஒரு வாரமாகப் பேச்சில்லை, மதியம் தனியாகச் சாப்பிடுகிறாளாம். கடைசியில், "நான் என்ன பண்ணட்டும்மா?" என்றாள்.

கேள்வி கேட்டால் எந்த அம்மாவால் சும்மா இருக்க முடியும்? "நீயே முதல்ல போய்ப் பேசு. யார் பேசினா என்ன?" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு சிக்னல் தாண்டி, "எத்தனை நாளா?" என்றாள்.

"மூணு நாளா."

"சீட்டிங்மா அது."

"ஆமா. தப்புத்தான்."

பள்ளிக்கூட வாசலில் இறங்கிக் கதவை அறைந்தாள். அது புதுப் பெட்டியில் எவ்வளவு பலமாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்து வந்த நாட்களில் காரில் டயர் சத்தம் மட்டும்தான், தெளிவாக, சுத்தமாக. தாளில் காரில் என்ற கட்டத்துக்கு நேரே ஐந்து போட்டேன். போட்டுவிட்டு, இந்த ஐந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தேன். கேட்காத மாதிரி இருந்து திருட்டுத்தனமாகக் கேட்டதற்கு, கிடைத்திருந்ததும் போய்விட்டது.

இரவல் முடியும் நாள் சனிக்கிழமை. கிளினிக்குக்கு அவளும் வருகிறேன் என்று கிளம்பியது எனக்கு ஆச்சரியம். நேரே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். வண்டி நகர்வதற்குள், "இந்தப் பக்கம் உக்காந்தா உனக்குக் கேக்குமா?" என்றாள்.

முகத்தைப் பார்த்ததால் புரிந்தது. "ஓடும்போது கம்மியாத்தான் கேக்கும்," என்றேன்.

பெல்ட்டைக் கழற்றி, இறங்கிச் சுற்றிவந்து, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினேன். ரோட்டில் அன்றைக்குக் கூட்டமில்லை.

"இதை இன்னிக்குத் திருப்பிக் குடுத்துட்டா?"

"பழசை மாட்டிக்கணும். எனக்குன்னு ஒண்ணு ஆர்டர் பண்ணி வர ஆறு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் கேக்காதா?"

"கேக்காது."

"கிளினிக் போக எவ்ளோ நேரம்?"

"இருவது நிமிஷம்."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள் போலிருக்கிறது. பிறகு சீட்டின் விளிம்புவரை முன்னால் நகர்ந்து, என் காதுக்குப் பின்னால் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள்.

"அப்ப நான் வேகமாச் சொல்றேன். நடுவுல நிறுத்தாத," என்றாள். எங்களுக்குள் பேச்சு குறைந்த மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள்.